இரண்டு கட்டு இலை

— கெடச்சுதா இல்லையா? அதை மொதல்ல சொல்லுங்க.

— உள்ள விடு, சொல்றேன். இருட்டோட கெளம்பி நாலு கடை, ரெண்டு மார்க்கெட், கடைசில ஊருக்கு வெளிய ஒரு செடிப் பண்ணை. இன்னும் ஒரு தெரு நடந்திருந்தா செருப்பு கையில வந்திருக்கும்...

— என்னங்க, கெடச்சுதா?

— கெடச்சுது தாயே, கெடச்சுது. இந்தா.

— அப்பாடா... இப்பத்தான் மூச்சே வருது. பாண்டான் எலை, பாண்டான் எலைன்னு ராத்திரி தூக்கத்துல கூடப் பொலம்பிட்டு இருந்தேன்... ஆமா, இது என்ன ரெண்டு கட்டு?

— அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு.

— உங்க சின்ன விஷயமெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லுங்க.

— பண்ணை மொதலாளி இல்ல. காவல்காரர்தான் இருந்தாரு. பாண்டான்னு கேட்டா முழிக்கிறாரு. பச்சையா நீளமா இருக்கும், தாழம்பூ எலை மாதிரி, ஆனா முள்ளு இருக்காது, கேக்குல போடுறதுன்னேன். கேக்குல எலையான்னு என்னை ஏற எறங்கப் பாத்தாரு.

— அப்புறம்?

— ரெண்டு வரிசை அந்த மாதிரி இருக்கு, அதுல ஒண்ணுதான் நீ கேக்கறது, எதுன்னு மொதலாளிக்குத்தான் தெரியும்னாரு. சரி, ரெண்டுலயும் ஒரு கட்டு அறுத்துக் குடுங்கன்னேன். வாசனை எலைதானே தம்பி, மோந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுதுன்னாரு. மொதலாளிகிட்ட சொல்றேன்னு என் போன் நம்பரையும் எழுதிக்கிட்டாரு.

— நீங்க பாத்தீங்களா?

— பாக்காமயா? பாத்தேன்... ஆனா அங்க ஒரே உரக் குவியல். அந்த நாத்தத்துல எலை வாசனை எங்க தெரியும்? வீட்ல மாஸ்டர் இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு வந்துட்டேன்.

— என்னை மாஸ்டர்னு கூப்பிட்டா வேலை முடிஞ்சுடுமா... மணி என்ன?

— ஏழே கால்.

— பத்தரைக்கு டீச்சர் வந்துடுவாங்க. பதினோரு மணிக்குப் பாலர் பள்ளியில இருபத்திரண்டு வாண்டுங்க தட்டை வெச்சிட்டுக் காத்திருக்கும். இன்னும் நான் முட்டையே உடைக்கல.

— நேத்தே எலையை வாங்கி வெச்சிருக்கலாம்ல?

— நேத்து நான் ஏறாத கடையா? எல்லாக் கடையிலயும் அந்தப் பச்சைப் பாட்டில் எசன்ஸைத்தான் நீட்டுறான். டீச்சர் கறாரா சொல்லிட்டாங்க. எசன்ஸ் கூடாது, கலர் பொடி கூடாது, எலைச் சாறுலதான் பச்சை வரணும். இன்னைக்கு அங்க பச்சை நாள். சட்டை பச்சை, ரிப்பன் பச்சை, சாக்ஸ் பச்சை...

— சாக்ஸ் கூடவா? நாங்க படிக்கும்போது ஒரே கலர்தான். முதுகுல, பிரம்படிச் செவப்பு.

— விளையாட்டெல்லாம் அப்புறம். கட்டைப் பிரிங்க. எது நம்ம எலை?

— நீ சொல்லு. கேக் போடறது நீ.

— வாங்கிட்டு வந்தது நீங்க.

— வாங்கிட்டு வந்தவன் கடமை வாசப்படியோட முடிஞ்சுது.

— எனக்குக் காலையிலேர்ந்து சளி. மூக்கு அடைச்சுக் கெடக்கு. நீங்க பாருங்களேன்.

— சளியா? ஒரு தும்மல் கூடக் கேக்கலையே?

— தும்மிக் காட்டினாத்தான் நம்புவீங்களா? தெரு முனையில நின்னே எந்த வீட்ல கேஸ் கசியுதுன்னு சொல்ற மெக்கானிக், ஒரு எலைக்கு இவ்வளவு பிகு பண்றீங்க.

— அது கேஸ். இது எலை.

— மூக்கு ஒண்ணுதானே?

— ...சரி குடு. ம்ம்ம்... அந்தக் கட்டைக் குடு. ம்ம்ம்ம்...

— என்ன இது, பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி முனகிட்டு?

— கசக்கிப் பாத்தாத்தான் தெரியும். நீயும் ஒரு தடவை பாரேன். ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானே?

— நீங்க சொல்லுங்க. நான் சரிங்கறேன்.

— அது எப்படி, பாக்காமலே...

— ஏழு இருபது!

— இதுதான்.

— எது? இந்த அகல எலையா?

— ஆமா. அகல எலைதான். சந்தேகமே வேண்டாம். புது அரிசி வடிச்ச மாதிரி இருக்கும்னுதானே டீச்சர் சொன்னாங்க?

— ஆமா, அப்படித்தான் சொன்னாங்க. குடுங்க... ஆ, ஆமா ஆமா. எனக்கும் லேசா வருது.

— வருதுல்ல?

— வருது, வருது. சளியிலயே வருதுன்னா பாத்துக்கங்க.

— அப்ப இந்த ஒல்லிக் கட்டு?

— அது கெடக்கட்டும் ஓரமா. கத்திரிக்கோலை எடுங்க. பொடிப் பொடியா வெட்டுங்க, முழுசாப் போட்டா மிக்ஸி சிக்கிக்கும்... அவ்வளவு பெருசா இல்ல, இன்னும் சின்னதா.

— இதுக்கு மேல சின்னதா வெட்டணும்னா எனக்குக் கண்ணாடி வேணும்.

— இடுப்பு வலிக்காரருக்கு வாய் மட்டும் வலிக்கறதே இல்ல. நாலு கடை, ரெண்டு மார்க்கெட், ஒரு பண்ணை... இவ்வளவு அலைஞ்சப்ப இடுப்பு எங்க போச்சு?

— அது... நடந்தா வலிக்காது. குனிஞ்சாத்தான் வலிக்கும். என் வேலையே குனியற வேலைதானே, சிலிண்டரும் அடுப்புமா.

— லீவு போட்டுப் பன்னெண்டு நாள் ஆச்சு. ஆபீஸ்ல ஒண்ணும் கேக்கலையா?

— கேப்பாங்க. தண்ணி ஊத்து, மிக்ஸி கத்துது.

— கொஞ்சமா ஊத்தணும். தண்ணி அதிகமானா சாறு வெளுத்துடும்... போதும், போதும். இப்ப துணியில போட்டுப் புழிங்க. நல்லா முறுக்கி. நீங்க ட்யூப் முறுக்கற கை, கடைசிச் சொட்டு வரைக்கும் வரணும்.

— இந்தா பாரு, என்ன பச்சை!

— நல்லாத்தான் இருக்கு. நேத்தே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா மேல தெளிஞ்சு அடியில கெட்டியாத் தங்கியிருக்கும், அதை மட்டும் எடுத்துப் போட்டா வாசனை இன்னும்... சரி, இருக்கறதை வெச்சுத்தான். தேங்காப்பாலை அடுப்புல வைங்க. லேசா சூடானா போதும், கொதிக்கக் கூடாது.

— வெச்சாச்சு.

— நான் வெள்ளைக்கருவைப் பிரிக்கறேன். பேசாதீங்க. ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் நுரைக்காது.

— பேசல.

— ...

— ஒண்ணு கேக்கலாமா?

— பேசலைன்னீங்க!

— அந்தப் பொறந்தநாள் கேக்கு விஷயத்துக்கு அப்புறம் யாருமே ஆர்டர் குடுக்கலையா?

— அதை எதுக்கு இப்ப ஞாபகப்படுத்தறீங்க? ...யாரும் குடுக்கல. மூணு வாரம் ஆச்சு. ஒரு போன் இல்ல. எதிர் வீட்டுக்காரங்க கூட, கடையில கேக் பெட்டி வாங்கிட்டு என் வாசல் வழியாத்தான் போனாங்க. எண்ணெய் சிக்குப் பிடிச்சிருக்குன்னு கேக்கைத் திருப்பி அனுப்பினாங்களே... அந்தப் பெட்டியைக் கையில வாங்கினப்ப பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

— அவசரத்துல கவனிக்காம ஊத்திட்ட. யாருக்கும் நடக்கறதுதான்.

— ஆமா... அவசரம்தான். டீச்சருக்கு அந்தக் கதை தெரியாது. அதனாலதான் வந்தாங்க. இதுவும் சரியா வரலைன்னா நான் ஓவனை மூடி மேல பூந்தொட்டி வெச்சிடுவேன். சத்தியமா சொல்றேன்.

— அந்த ஓவனை நான் துருவைச் சொரண்டிச் சொரண்டி ஒரு மாசம் சரி பண்ணினது தெரியும்ல? பூந்தொட்டி வெக்க இல்ல.

— தெரியும், தெரியும். இருங்க, மாடி அக்கா கூப்பிடற மாதிரி இருக்கு... என்னக்கா?... எங்க வீட்லயா?... என்னது, கருகுதா? ஐயய்யோ! தேங்காப்பால்! அடுப்பை அணைங்க!

— அடடா!

— பக்கத்துலயேதானே நின்னீங்க? அடி கருகி மாடி வரைக்கும் வாடை போயிருக்கு, உங்களுக்குத் தெரியலையா?

— நான்... எலைச் சக்கையைக் கொட்டிட்டு இருந்தேன். நீ என்னை விடப் பக்கத்துல இருந்த!

— எனக்குச் சளின்னு சொன்னேன்ல?

— நான் வேற யோசனையில இருந்தேன்மா. விடு. இன்னொரு மூடி தேங்கா இருக்கா?

— இருக்கு. அக்கா, ஒண்ணுமில்லக்கா, பால்தான்! அணைச்சாச்சு!... துருவுங்க சீக்கிரம். மணி எட்டு.

— துருவறேன், துருவறேன். கையைப் பிடுங்காதே.

— இந்தத் தடவை நானே பக்கத்துல நிக்கறேன். கண்ணை எடுக்காம. நீங்க ஓவனைப் பத்த வைங்க, அது சூடாகணும். பத்த வெக்கறதுக்கு முன்னாடி அந்த ட்யூபைப் பாத்துடுங்க. நேத்து சிலிண்டர் மாத்தினது.

— பாக்கறேன். சோப்புத் தண்ணி கரைச்சுக் குடு.

— சோப்பா? எப்பவும் பக்கத்துல போய் ஒரு இழுப்பு இழுத்துட்டு ஒண்ணுமில்லைம்பீங்க?

— மூக்கை நம்பக் கூடாது. நுரை பொய் சொல்லாது. குமிழி விட்டா கசியுது, விடலைன்னா இல்ல. அதான் முறை.

— இருபது வருஷமா இல்லாத முறை.

— புதுசா உத்தரவு போட்டிருக்காங்க... நுரை அப்படியே நிக்குது பாரு, ஒரு குமிழி இல்ல. பத்த வைக்கறேன், தள்ளி நில்லு. இன்னும் தள்ளி.

— ஏன் இவ்வளவு பயப்படறீங்க? நீங்க பத்த வெக்காத அடுப்பா?

— தள்ளி நில்லுன்னா நில்லேன்!

— ...சரி. கத்தாதீங்க. நானே படபடப்புல இருக்கேன்.

— எரிஞ்சுடுச்சு. கோவிச்சுக்காதே. அடுத்து என்ன?

— மஞ்சக்கரு, எண்ணெய், பால், எலைச் சாறு, மைதா, எல்லாம் இங்க கலந்தாச்சு. எண்ணெய் புதுப் பாக்கெட், இப்பத்தான் பிரிச்சேன், நீங்களும் பாத்தீங்கல்ல? தேதி படிச்சீங்கல்ல?

— மூணு தடவை படிச்சேன்.

— இப்ப வெள்ளைக்கருவை அடிக்கணும். சக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவுங்க... ஒரேயடியாக் கொட்டாதீங்க... ம், அப்படித்தான். கிண்ணத்தைத் தலைகீழாக் கவுத்தாலும் விழக் கூடாது. அதுவரைக்கும் அடிக்கணும்.

— யார் தலை மேல கவுக்கறது?

— உங்க தலைதான். வாங்க, குனிங்க.

— ஏய், ஏய்... இடுப்பு!

— பாருங்க, விழல! அசையல! வெற்றி!

— தலை தப்பிச்சுது.

— இப்ப ரெண்டையும் சேக்கணும். அடிக்கக் கூடாது, கீழேர்ந்து மேல தூக்கித் தூக்கி... காத்து போயிடக் கூடாது. ஊத்துங்க. டின்ல எண்ணெய் தடவாதீங்க! இந்தக் கேக் சுவத்தைப் பிடிச்சுத்தான் மேல ஏறும். வழுக்கினா உக்காந்துடும்.

— உள்ள வெச்சாச்சு. எட்டு அம்பது.

— அம்பது நிமிஷம். கதவைத் திறக்கக் கூடாது, கண்ணாடி வழியாத்தான் பாக்கணும்.

— நீ உக்காரு. காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல.

— உக்கார முடியல. நீங்களும்தான் இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்க நடக்கறீங்க.

— நடந்தா வலிக்காதுன்னேன்ல?

— ...ஏறுதுங்க. பாருங்க, ஏறுது. நடுவுல ஒரு வெடிப்பு... நல்ல வெடிப்புதான். வாசனை வருதா?

— ம்? வருதே. கமகமன்னு.

— வருதுல்ல? நானும் அதான் நெனச்சேன்.

— வீடே மணக்குது.

— நேரமாச்சு. எடுங்க. துணியைப் பிடிச்சுக்கங்க, சூடு... அந்தப் பாட்டில் மேல தலைகீழாக் கவுங்க, குழாய் மாதிரி இருக்கு பாருங்க நடுவுல, அது பாட்டில் கழுத்துல உக்காரணும். ஆறுற வரைக்கும் இப்படித் தொங்கணும், இல்லைன்னா அமுங்கிடும்.

— கேக்குக்குக் கூடச் சிரசாசனமா? ...இரு, என் போன் அடிக்குது. ஹலோ... ஆமா, நான்தான் சார். காலையில வந்து எலை வாங்கினேன். காவல்காரர்தான் குடுத்தாரு... ஆமா, ரெண்டு கட்டு... என்னது?... திங்கக் கூடாதா?... ஆடா?... இல்ல சார், அகலமா இருக்கறதைத்தான்... ஓகோ... இல்ல சார், மோந்து பாத்துதான் போட்டோம். பாத்துதான்... சரி சார். சொன்னதுக்கு நன்றி சார்.

— யாரு? பண்ணைக்காரரா? ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?

— ஒண்ணுமில்ல... ரெண்டு வரிசைல ஒண்ணுதான் நம்ம எலையாம். இன்னொண்ணு வெறும் அழகுக்கு வெக்கற செடியாம். அதைத் திங்கக் கூடாதாம். போன வருஷம் அவங்க வீட்டு ஆடு தின்னுட்டு ரெண்டு நாள் எழுந்துக்கலையாம். கேக்குல போடறேன்னு சொன்னதாக் காவல்காரர் சொன்னதும் பதறிப் போய்ப் போன் பண்ணுறாரு.

— அகல எலை எது? நம்மளுது எது? அதைக் கேட்டீங்களா?

— கேட்டேன். அகலத்தை வெச்சுச் சொல்ல முடியாதாம். சின்னச் செடியா இருந்தா ஒல்லி, வளந்த செடியா இருந்தா அகலம், ரெண்டு வரிசையிலயும் ரெண்டும் இருக்காம். வாசனைதான் அடையாளமாம். கசக்கினா சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்னாரு.

— நீங்க கசக்கிப் பாத்தீங்கல்ல?

— பாத்தேன். நீயும்தானே பாத்த? வருதுன்னியே?

— நீங்க மொதல்ல சொன்னீங்க.

— நீயும் சொன்ன.

— அதான் கேக்கறேன். உறுதியா வந்துச்சா?

— இப்படிக் கேட்டா... நான் ஒரு துண்டு தின்னு பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா குடுத்துடலாம்.

— பைத்தியமா உங்களுக்கு? ஆடே ரெண்டு நாள் எழுந்துக்கல! மாடி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாமா?

— அவங்க ஒம்பதரைக்கே பூட்டிட்டுப் போயிட்டாங்க. படியில சத்தம் கேட்டுச்சே... டீச்சர் வரட்டும். அவங்ககிட்டயே ரெண்டு கட்டையும் நீட்டி, எதுன்னு கேட்டா என்ன?

— கேட்டா? கேக் போடறவளுக்கே எலை தெரியல, என்கிட்ட கேக்கறாங்கறது ஊர் முழுக்கப் போகும். எண்ணெய்க் கதையும் தானா வெளிய வரும். அப்புறம் யாரு என் கையால ஒரு பிஸ்கட்டாவது வாங்குவாங்க? நீங்க உறுதியாச் சொன்னா போதும், நான் கண்ணை மூடிட்டுக் குடுத்துடறேன்.

— வண்டி நிக்கற சத்தம்.

— டீச்சர்தான். ஐயோ, பத்தரைக்குன்னு சொல்லிட்டு பத்து இருபதுக்கே... என்னங்க, சொல்லுங்க. சீக்கிரம்.

— மணி அடிக்கறாங்க.

— அடிக்கட்டும்! மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க... இருபத்திரண்டு குழந்தைங்க. நாலு வயசு கூட நெறையல. இல்ல... என்னால முடியாது. நான் சொல்லிடறேன். திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. எனக்குச் சளி இல்ல. போன மாசம் காய்ச்சல் வந்து எழுந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் வரல. பூ வரல, சோப்பு வரல, அந்தச் சிக்கெண்ணெய் கூட அதனாலதான் தெரியல. சொன்னா கேக்கை விட்டுடுன்னு சொல்லுவீங்க, ஓவனைப் பாத்துப் பாத்து வருத்தப்படுவீங்கன்னு மறைச்சேன். இந்த ஒரு மாசமா உங்க மூக்கை நம்பித்தான் ஒவ்வொண்ணும் பண்றேன். நீங்க வருதுன்னா நானும் வருதும்பேன். அவ்வளவுதான். இப்ப சொல்லுங்க... என் மேல சத்தியமா, அந்த எலையில வாசனை வந்துச்சா?

— அழாதே. கண்ணைத் தொடை... பதிமூணு நாளைக்கு முன்னாடி ஒரு வீட்டுக்குப் போனேன். ட்யூபுக்குப் பக்கத்துல குனிஞ்சு ஒரு இழுப்பு இழுத்தேன், கசிவு ஒண்ணுமில்லம்மா, தைரியமாப் பத்த வைங்கன்னேன். அந்தம்மா தீக்குச்சியை ஒரசினதும் குப்புன்னு... நல்ல வேளை, புருவத்தோட போச்சு. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மறுநாளே இடுப்பு வலின்னு லீவு சொல்லிட்டேன். காய்ச்சல்ல நாம ரெண்டு பேரும்தானே பக்கத்துப் பக்கத்துல சுருண்டு கெடந்தோம்? போ, ரெண்டு கட்டையும் எடுத்துட்டு வா, நான் கதவைத் திறக்கறேன். டீச்சரையே மோந்து பாக்கச் சொல்லுவோம். அவங்க உள்ள வந்தாத்தான் இந்த வீட்ல மூக்குன்னு ஒண்ணு இருக்கும்.